பட்டும் செருப்பும்

சென்ற தை மாதம் உத்திரமேரூரில் எங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்று நடந்தது. அங்கே நடந்த எத்தனையோ விஷயங்களை நான் மறந்துவிட்டேன். பந்தியில் என்ன பாயசம் போட்டார்கள் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மண்டபத்து மாடிப்படியின் கீழ் நடந்த ஒரு சின்ன வழக்கு மட்டும் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வாதி, எங்கள் அத்தை. பிரதிவாதி, என் அக்காள் மகள். வழக்குக்கு உரிய பொருள், ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நீதிபதியாக என்னை நிறுத்தினார்கள். அன்று நான் சொன்ன தீர்ப்பைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காள் மகள் ஜெர்மனியில், பவேரியாவின் தலைநகரான மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். பகல் முழுவதும் பரிசோதனைச் சாலையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டு வருஷமாகக் குதிகாலில் வலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஊசி ஏற்றினாற்போல் இருக்குமாம். வெறுங்காலுடன் கெட்டித் தரையில் அதிக நேரம் நிற்கக் கூடாது, குதிகாலுக்கு மெத்தென்று தாங்கல் கொடுக்கும் காலணிதான் போட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஊருக்கு வரும்போது அப்படிப்பட்ட ஜோடி ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு. வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் கொடுக்கும் வேலை அவளுக்கு. அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, தலை நிறைய மல்லிகை, காதில் என் அம்மாவின் பழைய ஜிமிக்கி. மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான்கூட ஒரு விநாடி அசந்து பார்த்தேன். கடைசிப் படியில் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்தாள். அத்தையின் கண் அங்கேதான் விழுந்தது.

“ஏண்டி, அரையிலே பட்டு, காலிலே பூட்ஸா? ஓட்டப் பந்தயத்துக்கா போறே?”

“கால் வலிக்குது அத்தைப் பாட்டி. புடவைக்குள்ளே இருக்கிறது யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுதே!”

இதற்கு மேல் வாதம் வளர்ந்தது. பட்டு என்றால் என்ன, குலம் என்றால் என்ன, வெளிநாட்டுக்குப் போனவர்கள் எதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள் என்று அத்தை வரிசையாகக் கேட்டாள். பெண் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நீங்க சொல்லுங்க. கதையிலே எல்லாருக்கும் நியாயம் எழுதறீங்களே!”

சுற்றி நின்ற உறவினர் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டார் வேறு வந்துகொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: “ஒரு ராத்திரிதானேம்மா. பெரியவங்க மனசு கோணாம நடந்துக்கயேன்.”

அவள் ஒன்றும் பேசவில்லை. ஷூவைக் கழற்றி மாடிப்படியின் கீழே வைத்தாள். சித்தப்பா பெண்ணிடம் பொன் நிறத்தில் உயரக் குதி வைத்த செருப்பு ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். மூன்று மணி நேரம் சிரித்தபடியே நின்றாள். இதில் ஒரு வேடிக்கை. அவள் பன்னீர் தெளித்த ஆண்களில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மணமகனே கோட்டும் சூட்டும் பளபளக்கும் பூட்ஸுமாகத்தான் மேடை ஏறினான். அவனிடம் யாரும் குலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இரவு பத்தரை மணிக்குச் சமையற்கட்டுப் பக்கம் போனேன். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பட்டுப் புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டிருந்தாள். செருப்புக்கடி இரண்டு இடத்தில் தோலை உரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே மியூனிக்கில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள்.

அந்த ஊரில் செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கும் அக்டோபர் திருவிழா உலகப் பிரசித்தம். 1810இல் பவேரியாவின் பட்டத்து இளவரசனுக்கு நடந்த கல்யாணக் கொண்டாட்டமே பிறகு வருஷத் திருவிழாவாக வளர்ந்தது. ஆக, அதற்கும் மூலம் ஒரு கல்யாணம்தான். அந்த விழாவுக்குப் பெண்கள் ‘டிர்ண்டல்’ என்னும் உடையில் வருவார்கள். இடுப்பை இறுக்கிய ரவிக்கை, கொசுவம் வைத்த பாவாடை, அதன்மேல் ஒரு முன்றானைத் துணி. வேலை செய்யும் இடத்துத் தோழிகள் இவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு எந்தச் செருப்புப் பொருத்தம் என்று இவள் கேட்டிருக்கிறாள். மியூனிக்கிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி உடனே சொன்னாளாம்: “நாள் முழுக்க நிற்க வேண்டும், சரளைக் கல்லில் நடக்க வேண்டும், பெஞ்சு மேல் ஏறி ஆட வேண்டும். ஆகையால் தட்டையாக, காலுக்குப் பழகினதாகப் போட்டுக்கொள். புதுச் செருப்பு மட்டும் போடாதே.”

“எங்க ஊர்ப் பாட்டிங்க யாரும் இப்படி ஒரு யோசனை சொல்லலியே மாமா” என்றாள்.

இதைக் கேட்டபோது, அந்த நாட்டில் சம்பிரதாயத்தின் பிடி தளர்ந்துவிட்டது, அதனால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சாவகாசமாகப் படித்துப் பார்த்தபோது விஷயம் வேறு மாதிரி இருந்தது. டிர்ண்டல் என்ற பெயரே வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாட்டுக் கொட்டிலிலும் வைக்கோற் போரிலும் உழைத்தவளின் உடை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்துச் சீமாட்டிகள் கோடை விடுமுறைக்குக் கிராமம் வந்தபோது அதைக் கண்டு ஆசைப்பட்டுத் தாங்களும் தைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆண்கள் போடும் ‘ஹாஃபர்ல்’ செருப்பும் மலைச் சரிவில் வழுக்காமல் நடக்க உழவர்கள் போட்ட காலணிதான். உழைக்கிறவள் உடுத்தியது, உழைக்கிறவன் போட்டது. அங்கே உடையும் செருப்பும் தொடக்கத்திலிருந்தே ஒரே வேலைக்குப் போய்வந்தவை. அவற்றுக்குள் சண்டை வர நியாயமில்லை.

அவர்கள் நம்மைவிடப் பெரிய மனிதர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த டிர்ண்டலை மியூனிக் நகரத்தின் நாகரிக உடையாக்கியதில் பெரும்பங்கு, அங்கே கடை வைத்திருந்த வாலக் என்ற யூத சகோதரர்களுடையது. நாஜிகள் காலத்தில் அந்தக் கடை அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பவேரியாவின் எல்லைக்கு அப்பால் இருக்கிறது ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் நகரம். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய சில மாதங்களுக்குள், யூதர் யாரும் டிர்ண்டல் அணியக் கூடாது, தோல் கால்சட்டை அணியக் கூடாது, முழங்கால் வரை வரும் வெள்ளைக் காலுறைகூடப் போடக் கூடாது என்று அந்த நகரத்துப் போலீஸ் உத்தரவு போட்டது. மனிதனைக் கொல்வதற்கு முன்னால் அவன் காலுறையைக் கழற்றச் சொன்னார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ராமநாதபுரம் ஞாபகத்துக்கு வந்தது. 1931ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கமிஷனராக இருந்த ஹட்டன், இந்தியாவின் சாதிமுறை பற்றிய தம் நூலில் ஒரு பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார். 1930 டிசம்பரில் அந்தப் பக்கத்து மேல்சாதியார் ஆதி திராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகள் அவை. பொன்னும் வெள்ளியும் பூணக் கூடாது, ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது என்றெல்லாம் போய், எட்டாவதாக வருகிறது: ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன; தானியம் நாசமாக்கப்பட்டது. அதற்கும் ஸால்ஸ்பர்க் உத்தரவுக்கும் இடையே எட்டு வருஷம்தான். எங்கள் தடைதான் மூத்தது.

மறுநாள் விடியற்காலையில் மண்டபத்தில் ஒரே அமளி. மாப்பிள்ளை காசி யாத்திரைக்குப் புறப்பட வேண்டும். பட்டு வேட்டி பஞ்சகச்சமாய்க் கட்டியாயிற்று, குடை இருக்கிறது, தடி இருக்கிறது, விசிறி இருக்கிறது. புதுச் செருப்பைத்தான் காணோம். “செருப்பு எங்கேடா? செருப்பில்லாம எப்படிடா யாத்திரை?” என்று மண்டபம் முழுவதும் தேடிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் அத்தைதான். கடைசியில் சீர்வரிசைத் தட்டுக்களுக்கு அடியில் கிடைத்தது. மாப்பிள்ளை பட்டுக்குக் கீழே தோல் செருப்புப் போட்டுக்கொண்டு, குடையை விரித்து நான்கு அடி நடந்தான். மைத்துனன் வழிமறித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். குடையும் செருப்பும்! ராமநாதபுரத்துப் பட்டியலின் எட்டாவது தடையில் இருந்தவை இந்த இரண்டும்தாம். ஒருவனுக்கு மங்கலமாக எடுத்துக் கொடுப்பதை இன்னொருவனுக்குக் குற்றமாக எழுதியிருக்கிறோம்.

ஆகையால் நம்முடைய பாரம்பரியத்துக்கும் செருப்புக்கும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடப்பட்டது. அதாவது எங்கள் பக்கத்து நூல். அதில் ஓர் இடையன் வருகிறான். செருப்பு அழுந்தி அழுந்தி அவன் காலில் தழும்பு ஏறியிருக்கிறது. புலவர் அந்தத் தழும்பை மறைக்கவில்லை, அருவருக்கவும் இல்லை. கண்ணப்பர் செருப்புக் காலோடு சிவலிங்கத்தின் முன் நின்றார். அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். பதினான்கு வருஷம் அயோத்தியின் அரசு இரண்டு பாதுகைகளின் பேரால் நடந்தது. அந்தப் பாதுகைகளைப் பற்றி ஆயிரத்தெட்டுச் சுலோகம் பாடிய வேதாந்த தேசிகர் பிறந்தது காஞ்சிபுரத்துத் தூப்புல். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

இத்தனையும் இருந்தும், செருப்பைத் தைக்கிறவனைத் தெருவுக்கு வெளியே வைத்தோம். தைத்த செருப்பை வீட்டுக்கு வெளியே வைத்தோம். ஒருவனை அவமானப்படுத்த வேண்டும் என்றால் செருப்பைக் காட்டுகிறோம், மாலையாகக் கோத்துப் போடுகிறோம். ஆயிரத்தெட்டுச் சுலோகத்தையும் ஒருவர் மனப்பாடம் செய்துவிட்டு இதையும் செய்யலாம். மனம் அப்படி ஒரு விசித்திரமான பெட்டி. ஒரு அறையில் இருப்பது அடுத்த அறைக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியில் எனக்கும் ஓர் அறை இருக்கிறது. அதைத் திறக்காமல் அத்தையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

1988ஆம் வருஷமாக இருக்க வேண்டும். எனக்கு எட்டு வயது. எங்கள் தாத்தாவின் நிலத்துக்கு ஏரித் தண்ணீர் திருப்பிவிடும் பெரியவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வருவார். டயர் வெட்டித் தைத்த கனமான செருப்பு. வரப்பு முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் அதுதான் தாங்கும். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு வந்ததும் குனிந்து அதைக் கழற்றுவார்; இரண்டையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். விரல் நுனியை ஊன்றி, கொஞ்சம் ஓட்டமும் நடையுமாக எங்கள் திண்ணை நிழலுக்கு வந்து சேருவார். திரும்பிப் போகும்போது பிள்ளையார் கோயில் தாண்டித்தான் செருப்பு மறுபடி காலுக்கு இறங்கும்.

ஒருநாள் நான் கேட்டேன், “ஏன் கையிலே எடுத்துக்கிட்டு வரீங்க? கால் சுடாதா?” என்று.

அவர் சிரித்தார். “ரோட்டுலே தேஞ்சிடும் சாமி. ஒரே ஜோடிதானே கீது” என்றார்.

நான் அதை நம்பினேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, நெடுநாள் நம்பினேன். சிக்கனக்கார மனிதர் என்று வீட்டில் சொல்லிக்கூட இருக்கிறேன். அப்போது திண்ணையில் இருந்த பெரியவர்கள் யாரும் என்னைத் திருத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, நாலு புத்தகம் படித்துவிட்டு ஊருக்கு வந்த ஒருநாள், பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போதுதான் திடீரென்று உறைத்தது. தார் ரோட்டில் செருப்புத் தேயுமாம். கல்லிலும் முள்ளிலும் தேயாதாம்! எட்டு வயதுப் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று அந்த மனிதர் ஒரு பொய்யைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அவமானப்பட்டவர் அவர். ஆறுதல் சொன்னவரும் அவர். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955இல். நான் அந்தக் காட்சியைப் பார்த்தது அதற்கு முப்பத்து மூன்று வருஷம் கழித்து. யாரும் அவரைப் பார்த்துக் ‘கழற்று’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் ஊர் எழுதப்பட்ட சட்டத்துக்குப் பெயர் போனது. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். முப்பது குடும்பு, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள், சொந்த மனை, கால் வேலிக்கு மேல் நிலம், கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்று எத்தனை நுணுக்கம்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளையார் கோயில் முனையில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது எந்தச் சுவரிலும் இல்லை. வெட்டி வைத்த விதி வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. வெட்டாத விதி என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டில் பாராளுமன்றம் உட்கார்ந்து ‘செருப்பு’ என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், பிள்ளையார் கோயில் முனைகள் எத்தனை இருந்திருக்கும்!

இங்கே வாசகர் ஒருவர் என்னைத் தடுக்கலாம். “ஐயா, மியூனிக்கில் சம்பளம் வாங்கும் பெண்ணின் கான்வாஸ் ஷூவையும், அந்தப் பெரியவரின் டயர் செருப்பையும் ஒரே தராசில் வைக்கிறீரே. இது அடுக்குமா?” என்று. நியாயமான கேள்வி. அடுக்காது. அவளுடைய வலி ஒரு ராத்திரி. வெந்நீர் வாளியில் தீர்ந்துவிடும். அவருடையது ஆயுள் முழுவதும். அதைப் போக்க எந்த வாளியும் இல்லை. அவள் நினைத்திருந்தால் எங்கள் பேச்சைத் தட்டிவிட்டு நடந்திருக்கலாம். அவர் நடந்திருக்க முடியாது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றாக இருந்தது நான்தான். திண்ணையில் இருந்தவர்கள் அன்று சும்மா இருந்தது போலவே நானும் மாடிப்படியின் கீழே இருந்தேன். சும்மா இருந்ததற்கு, பெரியவர் மனசு என்று ஒரு பெயர் கொடுத்துக்கொண்டேன்.

வேறொரு தடையும் உண்டு. அது இன்னும் கனமானது. சௌகரியம் ஒன்றுதான் மனிதனுக்குத் தெய்வமா? திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் நூறு மைல் வெறுங்காலோடு நடக்கிறார்களே, அவர்கள் கால் நோகவில்லையா? கோயில் வாசலில் நாம் எல்லாரும் செருப்பைக் கழற்றுகிறோமே, அது அடிமைத்தனமா? வைகாசி மாதத்தில் எங்கள் சுந்தரவரதப் பெருமாள் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும், பக்தி காலைச் சுடத்தான் செய்யும். நான் கோயில் வாசலில் கழற்றுகிறவன்தான். வீட்டு நிலைப்படியிலும் கழற்றுகிறவன். அதில் ஒரு சுகம்கூட இருக்கிறது; வெளியுலகத்துத் தூசியை வெளியே விட்டு வந்தேன் என்ற சுகம். சௌகரியமே எல்லாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கோயில் வாசலில் ஒன்றைக் கவனியுங்கள். தர்மகர்த்தாவும் கழற்றுகிறார்; தேங்காய் மூட்டை சுமந்து வந்தவனும் கழற்றுகிறான். அங்கே யாரும் யாருக்காகவும் கழற்றவில்லை. பாத யாத்திரை போகிறவன் தன் காலைத் தானே நோகவிடுகிறான். அது அவன் கால். தன் காலைத் தெய்வத்துக்குக் கொடுப்பது ஒன்று, அடுத்தவன் காலை வாங்கி நம் மரியாதைக்கு வைத்துக்கொள்வது வேறொன்று. பார்ப்பதற்கு இரண்டும் வெறுங்கால்தான்.

வெள்ளைக்காரன் இதில் நமக்குச் சளைத்தவன் அல்லன். 1868இல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் ஓர் உத்தரவு வெளியிட்டார். ஐரோப்பிய முறையில் பூட்ஸும் காலுறையும் அணிந்த இந்தியர் அரசாங்க வைபவங்களுக்கு அவற்றோடே வரலாம். நாட்டுச் செருப்புப் போட்டவரோ நாட்டு வழக்கப்படி அதைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். கால் ஒன்றுதான், அதை மூடிய தோலுக்குத்தான் மரியாதை. அதிகாரிகளோ இந்த நாட்டு வழக்கத்தை மதித்துத் தங்கள் பூட்ஸைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்கிறவனும் கழற்றுகிறானா என்று பார்த்தால் போதும். மரியாதையா அதிகாரமா என்பது தெரிந்துபோகும். அந்தக் கண்ணோடு பார்த்தால், எங்கள் கல்யாண வாசலில் பூட்ஸோடு நுழைந்த ஆண்களையும், குதி உயர்ந்த இரவல் செருப்பில் நின்ற அந்தப் பெண்ணையும் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

பட்டுப் புடவையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இதில் எனக்குத் தெரிந்தது சொற்பம். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் வீட்டுப் பெண்களும் சொன்னதுதான். ஜரிகை கனத்த முகூர்த்தப் பட்டு ஒரு கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். உயரக் குதி வைத்த செருப்பின் முனை புடவைக் கரையின் உள்பக்கத்தில் தைத்த துணியில் மாட்டிக்கொண்டால், ஆள் விழுவது நிச்சயம். கரை கிழிவதும் நிச்சயம். தட்டையான பழகிய செருப்புத்தான் பட்டுக்கும் நல்லது, காலுக்கும் நல்லது. எந்தச் செருப்பைப் போடப் போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டு, பிறகு கொசுவம் வைக்க வேண்டும். அப்போதுதான் கரை தரையைச் சரியாகத் தொட்டு நிற்கும். என் அக்காள் மகள் அப்படித்தான் கட்டியிருந்தாள். குதி உயர்ந்த செருப்புக்கு மாறியதும் புடவை இரண்டங்குலம் தூக்கிக்கொண்டது. அத்தை மறைக்க நினைத்த பாதம் அதற்குப் பிறகுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

நண்பரின் தறியைப் பார்த்திருக்கிறேன். குழித்தறி. தரையில் குழி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெசவாளி உட்கார்ந்திருப்பார். உடலும் கரையும் கோர்வையாகச் சேர மூன்று நாடா ஓட வேண்டும்; ஒற்றை ஆளால் ஆகாது, கூட ஒருவர் வேண்டும். கை செய்யும் வேலையைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். குழிக்குள்ளே இரண்டு வெறுங்கால் ஓயாமல் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருக்கும். அந்தக் கால் இல்லாமல் ஓர் இழை நகராது. பட்டுக்குக் காலைப் பற்றி வெட்கம் இருக்க நியாயமே இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் வீடு காலியாகிவிட்டது. அக்காள் மகள் விமானத்துக்குப் போய்விட்டாள். போகும்போது அத்தையின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனாள், கான்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு. மாலையில் அத்தை திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, குதிகால் வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதோ பேச்சில், “நீ எப்போ அத்தை முதன் முதல்லே செருப்புப் போட்டே?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “எங்க மாமியார் போன வருஷம். நாப்பது தாண்டியிருக்கும்” என்றாள். மாமனார் மாமியார் எதிரில் மருமகள் செருப்புப் போடுவது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. முழுகாமல் இருந்தபோதும் களத்து மேட்டுக்குச் சோறு சுமந்துகொண்டு வெறுங்காலோடு போயிருக்கிறாள். ஒரு தடவை கருவேல முள் ஏறிச் சீழ் பிடித்து, பதினைந்து நாள் காய்ச்சல். “அப்பக்கூட யாரும் ஒரு செருப்பு வாங்கிப் போடச் சொல்லலே. நானும் கேக்கலே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு கால்லே தோல் உரிஞ்சிடுச்சாமே?” என்றாள்.

“ஆமாம்.”

“நீயாச்சும் சொல்லியிருக்கலாமேடா. நான்தான் கிழவி.”

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பிறகு அவளே கேட்டாள், அந்த ஷூ என்ன விலை, தன் அளவில் கிடைக்குமா என்று. சின்ன வயதில் எங்கள் தெருப்பக்கம் செருப்புத் தைக்கும் ஒருவர் அளவு எடுக்கும் விதம் ஞாபகம் வந்தது. உள்ளே போய்ப் பழைய தினசரித் தாள் ஒன்றும் பென்சிலும் எடுத்து வந்தேன். அத்தை எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் காலை வைத்தாள். நான் குனிந்து சுற்றிலும் கோடு இழுத்தேன். கட்டைவிரல் பக்கத்து எலும்பு புடைத்திருந்தது. அங்கே பென்சில் வளைந்து வளைந்து போயிற்று.

“கூசுதுடா” என்று சிரித்தாள். “இன்னொரு கால்?”

“ஒரு கால் போதும் அத்தை.”

“ரெண்டும் ஒண்ணா இல்லே. முள் ஏறின கால் கொஞ்சம் பெரிசு.”

அதற்கும் ஒரு தாள் கொண்டுவந்தேன். இரண்டையும் மடித்து மியூனிக் விலாசம் எழுதிய உறையில் வைத்தேன். கூடவே அவளுக்கு நான் எழுத வேண்டிய நாலு வரியை மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்துவிட்டு, நான்காவதை வைத்து ஒட்டினேன்.